இரு குடும்பத்தார்

பாலத்துக் கல்வெட்டு முடிவான அன்று நகராட்சிப் பொறியாளரின் அறையில் இருந்தவர்கள் இவர்கள்: பொறியாளர், இரும்புக்கடை வைத்திருக்கும் என் தம்பி, கணவனை இழந்து தம்பி வீட்டு மாடியில் குடியிருக்கும் என் தங்கை, பாலம் கட்டிய மேஸ்திரியின் பேத்தியான நர்ஸம்மா, ரோடு காண்ட்ராக்டரான அவருடைய தம்பி, கடைசியாக நான், தீயணைப்பு நிலைய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன், எங்கள் வீட்டில் இன்று இருப்பவர்களில் மூத்தவன். வேறு யாரும் இல்லை. கதவை நானே சாத்தினேன். 'நானும் அங்கேதான் இருந்தேன்' என்று இப்போது ஊருக்குள் சொல்லித் திரிகிறவர்களின் எண்ணிக்கையைப் பார்த்தால் அந்த அறை சினிமாக் கொட்டகை அளவுக்கு இருந்திருக்க வேண்டும். அது ஒரு சின்ன அறை. கோப்பு அலமாரிக்கும் மேசைக்கும் நடுவே உடம்பை ஒருக்களித்துத்தான் நுழைய முடியும்.

எங்கள் குடும்பப் பெயர் மேஸ்திரி. எங்கள் வீட்டில் எல்லோருடைய பெயருக்குப் பின்னாலும் அது உண்டு. ஆற்றுப் பாலத்தைக் கட்டிய மேஸ்திரிதான் எங்கள் பூட்டன், அதாவது என் பாட்டனாரின் தகப்பனார் என்பது எங்களுக்குச் சோற்றோடு ஊட்டப்பட்ட செய்தி. நான் கூனி நடந்தால் அப்பா முதுகில் ஒரு தட்டுத் தட்டுவார். "பாலம் கட்டினவர் வம்சம்டா நீ. பாரம் தூக்கறவன் மாதிரி நடக்காத" என்பார். அந்தத் தட்டில்தான் என் முதுகு நிமிர்ந்தது. பணியிலும் சரி, அதற்குப் பிறகும் சரி, யாருக்கு முன்னாலும் அது வளைந்ததில்லை.

பாலத்தைப் பழுது பார்த்து முடித்ததும், அதன் முகப்பில் கட்டியவர் பெயரில் ஒரு கல் வைப்பது என்று நகராட்சி தீர்மானித்தது. கல்லின் அடியில் வாரிசுகளையும் குறிப்பிடுவார்கள். செய்தி வந்த அன்று என் தம்பி கடையில் வந்தவர்களுக்கெல்லாம் காபி வாங்கிக் கொடுத்தான். அவனுடைய கடைப் பலகையில் 'பாலம் கட்டிய மேஸ்திரி பரம்பரை' என்று ஏற்கெனவே எழுதியிருந்தது. எனக்கும் மகிழ்ச்சிதான். அப்பா இல்லையே என்று நினைத்தேன்.

ஆனால் பொறியாளர் ஒரு சிக்கலைச் சொன்னார். மேஸ்திரியின் சொந்தப் பெயர் யாருக்கும் தெரியவில்லை. அந்தக் காலத்தில் எல்லோரும் மேஸ்திரி என்றே கூப்பிட்டிருக்கிறார்கள். ஊரிலோ தடுக்கி விழுந்தால் ஒரு மேஸ்திரி வீடு. நான்கு பேர் வேலை செய்ய, ஒருவர் மேற்பார்த்தால் அவர் மேஸ்திரி. தையற்கூடத்தில், அச்சகத்தில், சமையற்கட்டில், சாயப்பட்டறையில் எல்லாம் மேஸ்திரிகள் இருந்தார்கள். அவர்கள் பிள்ளைகளெல்லாம் அதையே பெயராக வைத்துக்கொண்டார்கள். எந்த மேஸ்திரி, யார் வாரிசு என்பதை நாங்களே தீர்த்துக்கொண்டு ஒருமித்து வர வேண்டும், தகராறு என்றால் கல்லே கிடையாது என்றார் அவர்.

நான் தேடக் கிளம்பினேன்.

பல் மருத்துவம் பார்க்கும் ஒரு பெண்மணியின் பாட்டனார் தையல் மேஸ்திரி. அவருடைய கத்தரிக்கோலைக் கண்ணாடிப் பெட்டியில் போட்டு மாட்டியிருந்தார். பேசி முடிப்பதற்குள் என் கடைவாயையும் ஒரு தரம் பார்த்துவிட்டார். ஒரு பஸ் கண்டக்டர் வீட்டில் அவருடைய அப்பா ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார்: "எங்க தாத்தா ஒரு வேலையும் பாக்கல சார். அடுத்தவன் வேலை பாக்கறத இடுப்புல கைய வச்சுக்கிட்டு நின்னு பாப்பாராம். அதுக்குத்தான் மேஸ்திரின்னு பேரு வச்சாங்க." அந்த வீட்டு வாசலில் நான் சிரிக்கவில்லை. தெருமுனை திரும்பியதும் சிரித்தேன். ஊர் வைத்த கேலிப் பெயரை அச்சடித்துக் கதவில் மாட்டியிருக்கிறார்களே என்று தோன்றியது.

இடுகாட்டுக்குப் போனேன். கல்லுக்குக் கல் மேஸ்திரி. காவல்காரர் பீடியை அணைக்காமலே கேட்டார்: "எந்த மேஸ்திரி? கல்லு மேஸ்திரியா, கத்திரி மேஸ்திரியா, கரண்டி மேஸ்திரியா?" பாலம் கட்டியவர் என்றேன். "அப்ப கல்லு மேஸ்திரி. அவரு வீட்டு ஆளுங்க இருக்காங்களே, நர்ஸம்மா வீடு" என்றார். நாங்கள்தான் அவர் வீட்டு ஆட்கள் என்று சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அப்படியா, வருஷா வருஷம் வந்து கல்லைக் கழுவுவது அந்தம்மாதான் என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் பூட்டன் எங்கே படுத்திருக்கிறார் என்பதே எங்களுக்குத் தெரியாது. அவர் வேலை முடிந்து வேறு ஊர் போய்விட்டார், போன இடத்தில் காலமானார் என்றுதான் எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது.

யாரோ பொய் வாரிசு என்ற கோபத்தோடுதான் நர்ஸம்மா வீட்டுக்குப் போனேன். அடுக்குமாடியில் மூன்றாவது தளம். வாசலில் இரண்டு பெண்கள் இரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளக் காத்திருந்தார்கள். வேலையை விட்டு இருபது வருஷமாகியும் கட்டடத்துக்கே அவர்தான் நர்ஸ். அவர்களை அனுப்பிவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தார். எண்பது வயதிருக்கும். முதலில் என் முகத்தைப் பார்க்கவில்லை, காதைப் பார்த்தார்.

"நீங்க ஒரு நாள் வருவீங்கன்னு தெரியும் சார்" என்றார். "உங்க வீட்டுக் கதை எங்க வீட்ல ரொம்பப் பழசு."

அவர் சொன்னதைச் சுருக்காமல் எழுதுகிறேன்.

பாலம் வேலை நடந்தபோது என் பூட்டி, என் பாட்டனாரைப் பெற்றவள், அங்கே மண் சுமந்தாள். அவள் கணவனும் மண் சுமந்தவன்தான். என் பாட்டனாரைப் பள்ளியில் சேர்க்க அவள் கூட்டிக்கொண்டு போனபோது அவன் கூட இல்லை. ஓடிப்போனானா, ஆற்றோடு போனானா, காய்ச்சலில் படுத்திருந்தானா, தெரியாது. வாத்தியார், பிள்ளையின் அப்பா பெயர் என்ன என்று கேட்டார். அவள் சொல்லவில்லை.

சொல்ல மாட்டாள். அதை நான் யாரும் விளக்காமலே புரிந்துகொண்டேன். என் அம்மா சாகும்வரை அப்பாவின் பெயரை வாயால் சொன்னதில்லை. மருத்துவமனையில் கேட்டால் என் தோளைத் தட்டி, "நீ சொல்லுடா" என்பாள். கணவனுக்குச் சாமி பெயராக இருந்துவிட்டால், பாட்டில் அந்த இடம் வரும்போது மட்டும் முனகிவிட்டு அடுத்த அடிக்குப் போகும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன்.

வாத்தியார் மறுபடி கேட்டிருக்கிறார். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "மேஸ்திரியக் கேளுங்க" என்றிருக்கிறாள். தினமும் காலையில் ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புகிறவர் மேஸ்திரி. அவருக்குத் தெரியும் என்பது பொருள். குனிந்த தலையிலிருந்து வந்த குரலில் வாத்தியாருக்கு முதல் சொல்தான் கேட்டது. அவர் ஆச்சரியப்படவில்லை. புருஷன் பெயரைச் சொல்லாத பெண்கள் அவனுடைய வேலையைச் சொல்வது உண்டு. டாக்டர் வெளியே போயிருக்கிறார், கம்பவுண்டர் தூங்குகிறார் என்று கணவனைச் சொல்கிற பெண்கள் எந்தத் தெருவிலும் இருப்பார்கள். இவளும் தன் கணவனைத்தான் சொல்கிறாள் என்று நினைத்து, அப்பா பெயர் மேஸ்திரி என்று எழுதிக்கொண்டார்.

"அன்னைக்குச் சாயந்திரமே வாத்தியார் பாலத்துக்கு வந்து, உங்க பையன் நல்லா கெட்டிக்காரனா இருக்கான்னு எங்க தாத்தாகிட்ட சொல்லிருக்காரு. தாத்தாவுக்கு ஒண்ணும் புரியல. அப்புறம் அந்தம்மாவக் கூப்பிட்டு விசாரிச்சு, எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சிருக்காங்க. எழுதினது எழுதினதாவே இருக்கட்டும், பையன் பேருக்குப் பின்னாடி ஏதாச்சும் இருக்கணுமில்லன்னு தாத்தா சொல்லிட்டாராம். அவரு சொல்லிச் சிரிச்சத நானே கேட்டிருக்கேன். எனக்கு ஏழெட்டு வயசு. வீட்டுக்கு யாரு வந்தாலும் இந்தக் கதையச் சொல்லுவாரு."

நாங்கள் தலை நிமிர்ந்து நடந்த காலமெல்லாம் இன்னொரு வீட்டில் எங்கள் பெயர் விருந்தாளிகளுக்குச் சொல்லும் வேடிக்கைக் கதையாக இருந்திருக்கிறது. நான் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

"அந்த ஆளோட பேரு என்ன?" என்றேன்.

"தெரியாது சார்."

"உங்க தாத்தாவுக்குத் தெரிஞ்சிருக்குமே."

"தெரியாம என்ன? தினமும் கூப்பிட்ட பேருதானே. ஆனா சிரிக்கறதுக்கு அந்தப் பேரு வேணாமே. அவரும் சொல்லல, நாங்களும் கேக்கல. எங்க தாத்தா பேரையே பாட்டி சொன்னதில்ல, சமாதிக் கல்லுலயும் மேஸ்திரின்னுதான் வெட்டிருக்கு."

மிச்சத்தை அவர் கொஞ்சம் தயங்கித்தான் சொன்னார். ஆண்கள் சிரித்த கதையை அவருடைய பாட்டி நம்பவில்லை. ஊரான் பிள்ளைக்கு எதற்கு உங்கள் பெயர் என்று அடுப்படியில் மூன்று நாள் பாத்திரத்தை உடைத்துவிட்டு, நேரே பாலத்துக்குப் போய், என் பாட்டனாரைப் பிடித்து நிறுத்திக் காதைத் திருப்பிப் பார்த்தாராம். அந்த வீட்டில் எல்லோருக்கும் காதின் கீழ்நுனி கன்னத்தோடு ஒட்டியிருக்கும். பிள்ளைக்கு ஒட்டவில்லை. ஆனாலும் அந்த அம்மாளுக்கு மனம் ஆறவில்லை. மேஸ்திரிக்கு மண் சுமக்கிறவளோடு தொடுப்பு என்ற பேச்சு முதலில் அவர் வீட்டு அடுப்படியில்தான் பிறந்தது.

"நீங்க நம்பறீங்களா?" என்று கேட்டேன்.

"நான் பிரசவம் பாத்தவ சார். தாத்தா இந்த ஊருக்கு வந்து ஒரு மழைக்காலம்தான் ஆகியிருந்துச்சு. உங்க பாட்டனாருக்கு அப்பவே பல்லு விழற வயசு. இதுக்கு எந்தக் கணக்குல முடிச்சுப் போடறது?" பிறகு, "உங்க காதும் ஒட்டல" என்றார்.

படியிறங்கும்போது எனக்கு ஆத்திரம் யார்மேல் என்றே தெரியவில்லை. முதல் இரண்டு தளம் என் பூட்டிமேல்தான் வந்தது. ஒரு தரம் வாயைத் திறந்து அந்தப் பெயரைச் சொல்லியிருக்கக் கூடாதா என்று. கீழ்த்தளத்துக்கு வந்தபோது அது அடங்கிவிட்டது. அவள் ஒரு குறையும் செய்யவில்லை. அந்தக் காலத்து மனைவி எப்படிப் பேச வேண்டுமோ அப்படிப் பேசினாள். அவள் காத்த மரியாதைதான் அவள் தலையில் இப்படி ஒரு பேச்சை ஏற்றி வைத்துவிட்டது.

நேரே தம்பி கடைக்குப் போனேன். அவன் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தான். ஆட்கள் போகும்வரை காத்திருந்து சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டுத் தராசுத் தட்டிலிருந்த ஆணிகளைத் திரும்பப் பெட்டியில் கொட்டினான்.

"சரிண்ணா, அப்ப நாம யாரு?"

"மண் சுமந்தவர் வம்சம்."

"யாரு அவரு? பேரு சொல்லுங்க. பேரே இல்லாத ஆளுக்கு வம்சமா?"

 அந்தக் கேள்வியைப் படியிறங்கும்போதே நானும் கேட்டுக்கொண்டுதான் வந்தேன். பேர் தெரியாத ஒரு கூலிக்காரனைப் பூட்டன் என்று சொல்ல எனக்கு மட்டும் இனித்ததா? ஆனால் பலகையைக் கழற்றச் சொன்னேன். தம்பி சிரித்தான். இத்தனை வருஷம் பொய் சொல்லிக் கம்பி விற்றேன் என்று இன்னொரு பலகை எழுதி மாட்டட்டுமா என்றான். கிழவி சொன்ன கதையை நம்பி வீட்டுப் பெயரைத் தெருவில் போட வந்திருக்கிறீர்கள், தீயணைக்கிறவர் வீட்டுக்குத் தீ வைக்கலாமா என்றும் கேட்டான். நான் எழுந்து வந்துவிட்டேன்.

அதற்கடுத்த வாரம்தான் பொறியாளர் எல்லோரையும் அழைத்தார். இரண்டு குடும்பங்கள் உரிமை கோருகின்றன, என்ன முடிவு என்றார். நான் பேச வாயெடுப்பதற்குள் காண்ட்ராக்டர் முந்திக்கொண்டார். என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். அவரும் என் தம்பியும் முந்தின நாளே பேசி முடித்திருக்கிறார்கள் என்பது இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருந்ததிலேயே தெரிந்தது.

"எதுக்கு சார் தகராறு? தாத்தாவுக்கு எங்க வீடும் உண்டு, இவங்க வீடும் உண்டு. ஊருக்கே தெரிஞ்ச விஷயம்தானே. கல்லுல ரெண்டு பேரையும் சேத்துப் போட்டுருங்க. 'மேஸ்திரியின் இரு குடும்பத்தார்'னு." என் பக்கம் திரும்பினார். "முறைக்கு நான் உங்களுக்குச் சித்தப்பா ஆகணும் சார். வயசப் பாக்காதீங்க."

என் தம்பி சிரித்தான். நான் எழுந்து நின்றேன். ஒரு ஆணுக்கு இரண்டு குடும்பம் என்றால் தமிழில் என்ன அர்த்தம் என்று பொறியாளருக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை என்றேன். என் பூட்டி யாருக்கும் இரண்டாவது குடும்பமாக இருந்ததில்லை என்றேன். எங்கள் பேரை விட்டுவிடுங்கள், கல்லில் நர்ஸம்மா குடும்பத்தை மட்டும் போடுங்கள் என்று சொன்னேன்.

நர்ஸம்மா என்னை ஆமோதித்தார். "எங்க தாத்தாவுக்கு ஒரே குடும்பம்தான்" என்றார்.

"அக்கா, நீ சும்மா இரு" என்றார் காண்ட்ராக்டர். "ஆம்பளைக்கு ரெண்டு குடும்பம்னா ஊர் அவரக் கெட்டிக்காரன்னுதான் சொல்லும். தாத்தாவுக்கு அதனால என்ன கொறஞ்சு போச்சு?"

அவர் சொன்னது உண்மைதான். அவருடைய தாத்தாவுக்கு ஒன்றும் குறையவில்லை.

நான் தங்கையைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் அம்மாவின் ஜாடையும் நாக்கும் வாய்த்தவள் அவள்தான். மாமியார் வீட்டில் ஒரு சொல்லுக்கு ஒன்பது சொல் கொடுத்தவள். அவள் முதலில் தம்பியைப் பார்த்தாள். அவன் மேசைமேலிருந்த பேப்பர் வெயிட்டை உருட்டிக்கொண்டிருந்தான்.

"செத்துப் போனவங்களுக்கு என்னண்ணா தெரியப்போகுது?" என்றாள் தங்கை. "இருக்கறவங்களுக்கு ஒரு பேரு வேணாமா? நீங்க பென்ஷன் வாங்கிட்டுத் தனியா இருப்பீங்க. நாங்க இந்தத் தெருவுல குடியிருக்கணும்."

"அவ நம்ம வீட்டுப் பொம்பள."

"நானும்தான்" என்றாள்.

அதற்குமேல் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் அவளைக் கோபிக்கவும் முடியவில்லை. மாடி அறையின் சாவி யார் கையில் இருக்கிறது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

பொறியாளர் நல்ல மனிதர். எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுப்பதுபோல, உங்களிடம் வேறு யோசனை இருக்கிறதா சார் என்றார். மேஸ்திரியின் பெயருக்குக் கீழே, 'மண் சுமந்தவர்களும்' என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். எங்களைப் பற்றிக் குறிப்பிடவே வேண்டாம், அந்த ஒரு வரி போதும் என்றேன். அவர் யோசித்தார்.

"பேர் தெரியாதவங்கள எப்படி சார் கல்லுல போடறது? மேஸ்திரின்னாலாவது ஒரு ஆளு."

குடும்பத்தில் மூவரில் இருவர் சம்மதித்தால் போதும் என்று தம்பி எங்கேயோ கேட்டு வைத்திருந்தான். அவனும் தங்கையும் கையெழுத்துப் போட்டார்கள். நர்ஸம்மா போடவில்லை, அவருடைய தம்பி போட்டது போதுமானதாக இருந்தது. வெளியே வரும்போது நர்ஸம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார்.  வாசலில் ரிக்‌ஷா வந்ததும், "எங்க தாத்தாகிட்ட அன்னைக்கே நான் கேட்டிருக்கலாம் சார்" என்று மட்டும் சொன்னார். ஏழெட்டு வயதுப் பிள்ளையின்மேல் என்ன குற்றம் என்றேன். அவர் சமாதானமானதாகத் தெரியவில்லை.

கல் வைத்தாகிவிட்டது. கறுப்புக் கல், பொன் எழுத்து. திறப்பு விழாவுக்கு நான் போகவில்லை. பாலத்தைக் கடக்க வேண்டி வந்தால் எதிர்ப்பக்கத்து நடைபாதையில் போகிறேன். அங்கிருந்தும் அந்த இரண்டு சொற்கள் படிக்கத் தெரிகின்றன; எழுத்து அவ்வளவு பெரிது. கல்லுக்குப் பக்கத்தில் நின்று படித்துவிட்டுக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தம்பி கடையில் வியாபாரம் கூடியிருக்கிறதாம். காண்ட்ராக்டரை அவன் சித்தப்பா என்று கூப்பிடுவதாகவும் கேள்வி.

என் வாசல் பலகையில் மேஸ்திரி என்ற சொல்லைச் சுரண்டி எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் வைக்க என்னிடம் வேறு சொல் இல்லை. மிச்சப் பெயரைப் புதிதாக எழுதித் தந்த பெயின்ட்டர் பாதிக் கூலிதான் கேட்டார். பாதிப் பெயர்தானே எழுதினேன் என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். முழுக் கூலியையும் கொடுத்து அனுப்பினேன்.

விழாவில் முன்வரிசை நாற்காலி கிடைக்காததால் நான் தம்பியோடு பேசுவதில்லை என்கிறார்கள். வயதாகி எனக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று என் வீட்டு மனிதர்களே சொல்கிறார்கள். இவற்றுக்கு நான் பதில் சொல்வதாக இல்லை. என் பூட்டியைப் பற்றிச் சொல்வதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். அவளை மேஸ்திரி வைத்திருந்தார் என்பது தவறு. அவள் அவரிடம் மண் சுமந்தாள். அவளுக்குக் கணவன் இருந்தான். என் பாட்டனார் அவனுடைய மகன். அவன் பெயர் எங்களுக்குத் தெரியாது.